லேபல் கிழித்த போத்தல்கள்

உயர்தர இரசாயனவியலில் தேறிய அயன் சமன்பாடு எழுத ஒரு குறுக்குவழி உண்டு. கரைந்திருப்பதையெல்லாம் அயன்களாகப் பிரித்து எழுது. அம்புக்குறிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறாமல் நிற்பதை வெட்டு. மிஞ்சியதற்குக் கீழே கோடு போடு. 1990களின் நடுப்பகுதியில் கண்டி டியூசன் மண்டபங்களில் இப்படித்தான் சொல்லித் தந்தார்கள். வாங்கு வாங்காக நெருக்கியடித்து இருப்போம். மைக் பிடித்த ஆசிரியர் பலகையில் சோடியத்தையும் நைத்திரேற்றையும் வெட்டிக்கொண்டே போவார். நாங்களும் கொப்பியில் வெட்டுவோம். எதை வெட்டுகிறோம், ஏன் வெட்டுகிறோம் என்று தெரியாமலே முழுப் புள்ளியும் எடுத்துவிடலாம். அந்த முறையின் கெடுதியே அதுதான் என்று நினைக்கிறேன்.

வெட்டினால் என்ன நடக்கிறது என்று முதலில் கண்ணால் பார்த்தது பாடசாலை ஆய்வுகூடத்தில். வெள்ளிநைத்திரேற்று ஒரு சின்னக் கபிலநிறப் போத்தலில் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். விலை அப்படி. ஆசிரியை மூன்று பரிசோதனைக் குழாய்களை வரிசையாக வைத்தார். ஒன்றில் கறியுப்புக் கரைசல், ஒன்றில் பொற்றாசியம் குளோரைட்டு, ஒன்றில் ஐதான ஐதரோக்குளோரிக் அமிலம். மூன்றிலும் இவ்விரண்டு துளிதான் விட்டார். மூன்றிலும் தயிர் திரைந்தது போல ஒரே வெள்ளை. சன்னலோரம் வைத்திருந்தபோது அந்த வெள்ளை மெல்ல ஊதாவாகி, பிறகு சாம்பல் நிறமானது. வெளிச்சம் பட்டால் வெள்ளிக்குளோரைட்டு அப்படித்தான் கறுக்கும். புகைப்படத் தாளும் இந்தக் குணத்தால்தான் வந்தது. முழுச் சமன்பாடு எழுதினால் மூன்று குழாய்க்கும் மூன்று சமன்பாடு. தேறிய அயன் சமன்பாடு மூன்றுக்கும் ஒன்றே: ஒரு வெள்ளி அயன், ஒரு குளோரைட்டு அயன், சேர்ந்தால் வெள்ளிக்குளோரைட்டு.

இதை அன்று பின்னேரம் அண்ணாவிடம் சொன்னேன். அண்ணா என்பவர் பேராதனைப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் படித்துக்கொண்டிருந்த பருத்தித்துறைக்காரர். மஹய்யாவையில், கட்டுகஸ்தோட்டை வீதியிலிருந்து மேலே ஏறும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு அறையில் வாடகைக்கு இருந்தார். சேர் என்று கூப்பிட்டதற்கு, "சேர் எண்டால் கட்டணம் கூட வாங்கவேணும், அண்ணா எண்டே கூப்பிடுங்கோ" என்றார். அவர் அறைக்கு முன்னால் இருந்த விறாந்தையில் நாங்கள் ஒரு சின்னக் கூட்டம்; என்னைச் சேர்த்து இரண்டு பெண்கள், மற்றவர்கள் பெடியன்கள். மாத்தளை ரயில் போகும்போது பாடத்தை நிறுத்துவார். கண்டியிலிருந்து மாத்தளைக்கு 1880இல் போட்ட பாதை அது. மஹய்யாவ வீடுகளுக்கு நடுவே சத்தம் போட்டுக்கொண்டு போகும்.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அந்தக் குளோரைட்டு எந்தப் போத்தலில இருந்து வந்ததெண்டு வெள்ளிக்குத் தெரியுமோ பிள்ளை? தெரியவும் தேவையில்லை" என்றார். அவர் இரசாயனவியல்தான் சொன்னார். எனக்கு வேறு ஏதோ பட்டது.

மஹய்யாவ என்று விண்ணப்பத்தில் எழுதினால் கண்டியில் சிலருக்கு முகம் மாறும். வெள்ளைக்காரன் காலத்தில் நகரைக் கூட்டவும் கழுவவும் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தியவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். நகரத்தின் பெரிய மயானமும் எங்கள் பக்கத்தில்தான். என் சிநேகிதிகளில் சிலர் முகவரியில் கட்டுகஸ்தோட்டை வீதி என்று மட்டும் எழுதி, இலக்கத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அப்பா மாநகர சபையில் வேலை செய்தார், காண் சுத்தம் செய்யும் பிரிவில். நான் முழு முகவரியும் எழுதுவேன். தைரியம் ஒன்றுமில்லை, அப்பா படிவத்தை வாங்கிப் பார்ப்பார்.

அண்ணாவின் பாடத்தில் வெட்டுவது கடைசி வேலை. முதல் வேலை, எது கரையும் எது கரையாது என்று தெரிந்துகொள்வது. சோடியம், பொற்றாசியம், அமோனியம் உப்புகள் கரையும். நைத்திரேற்று எல்லாம் கரையும். பேரியம் சல்பேற்று கரையாது. ஈயக் குளோரைட்டு குளிர்நீரில் அவ்வளவாகக் கரையாது, சுடுநீரில் கரையும். அடுத்தது, கரைந்தாலும் எது முழுக்கப் பிரியும், எது பிரியாது என்பது. அசற்றிக் அமிலம் மென்னமிலம். அதன் பெரும்பகுதி மூலக்கூறாகவே கிடக்கும். ஆகவே அதை அயனாகப் பிரித்து எழுதுகிறவன் பொய் எழுதுகிறான் என்பார். பொய் என்ற சொல்லைத்தான் அவர் பாவித்தார், பிழை என்று சொல்லமாட்டார். சமன்பாடு அவருக்கு ஒரு வாக்குமூலம். நடந்ததை மட்டும் சொல்லவேண்டும்.

அயன் என்று ஒன்று கரைசலில் தனியே உலாவுகிறது என்பதை நம்ப அந்தக் காலத்துப் பேராசிரியர்களுக்கே கஷ்டமாக இருந்ததாம். சுவீடனில் அரீனியசு 1884இல் உப்சாலா பல்கலைக்கழகத்துக்கு இதை ஆய்வேடாகக் கொடுத்தபோது மட்டமான தரத்தில்தான் தேறவிட்டார்கள். 1903இல் அதே வேலைக்கு நோபல் பரிசு. அண்ணாவுக்கு இந்தக் கதையில் தனிப் பிரியம். அதோடு சேர்த்து ஒன்று சொல்வார்: எந்த வன்னமிலத்தையும் எந்த வன்மூலத்தையும் எடுங்கள், ஐதான கரைசலில் கலவுங்கள், 1 மூல் நீர் உண்டாகும்போது வெளிவரும் வெப்பம் ஏறத்தாழ 57 கிலோயூல்தான். சோடியமா பொற்றாசியமா, குளோரைட்டா நைத்திரேற்றா என்பது அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. ஏனென்றால் நடப்பது ஒரே தாக்கம்: ஐதரசன் அயனும் ஐதரொட்சைட்டு அயனும் நீராவது. டியூசன் மண்டபத்தில் வெட்டச் சொன்னார்கள். வெட்டலாம் என்பதற்குச் சாட்சி இந்த 57இல் இருந்தது.

பிறகு ஏற்றக் கணக்கு. இங்கேதான் நல்ல பிள்ளைகளும் விழுவார்கள். ஒருநாள் அவர் கேட்டார்: அலுமினியத்தைச் செப்புச் சல்பேற்றுக் கரைசலில் போட்டால்? விறாந்தை முழுக்க ஒரே விடை எழுதியது. அலுமினியம் ஒன்று, செப்பு அயன் ஒன்று. அந்தப் பக்கம் அலுமினிய அயன் ஒன்று, செம்பு ஒன்று. அணுக்கள் சரி. அண்ணா கொப்பிகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இந்தப் பக்கம் ரெண்டு நேர். அந்தப் பக்கம் மூண்டு நேர். மிச்ச ஒண்டை ஆர் தந்தது? தலதா மாளிகையில வாங்கினதோ, நல்லூர்க் கந்தன் தந்தவரோ?"

அலுமினியம் மூன்று இலத்திரனை விடுகிறது. செப்பு அயன் இரண்டைத்தான் வாங்கும். விட்டதும் வாங்கியதும் சமனாக வேண்டுமானால் இரண்டு அலுமினியத்துக்கு மூன்று செப்பு அயன். இடப்பக்கம் 6 நேர், வலப்பக்கம் 6 நேர். ஏற்றம் ஏற்றத்தோடு சமப்படும் வரை பேனையை வைக்கக்கூடாது என்பது சட்டமானது. பூச்சியமாக வரவேண்டும் என்றில்லை, இரண்டு பக்கமும் ஒரே தொகை வந்தால் சரி. பரமங்கனேற்றும் இரும்பும் தாக்கும் சமன்பாட்டில் அந்தத் தொகை 17. ஒரு பரமங்கனேற்று, அதற்கு 1 மறை. ஐந்து பெரசு அயன், 10 நேர். எட்டு ஐதரசன் அயன், 8 நேர். கூட்டிக் கழித்தால் 17. மறுபக்கம் மங்கனீசு அயனுக்கு 2, ஐந்து பெரிக்கு அயனுக்கு 15, நாலு நீர் மூலக்கூறுக்கு ஒன்றுமில்லை; அதுவும் 17. எத்தனையோ எண்களை மறந்துவிட்டேன், இந்தப் பதினேழு மட்டும் நித்திரையில் கேட்டாலும் வரும்.

அப்பாவின் வேலைக்கும் எனக்கும் இடையில் இரசாயனவியல் வந்து நின்றதும் அந்த நாட்களில்தான். அப்பாவின் சட்டையில் எப்போதும் பிளீச்சிங் பவுடர் மணம். அம்மா எவ்வளவு துவைத்தாலும் போகாது. ஒருநாள் ஏதோ ஒரு கட்டடத்தின் கழிவுக் குழியில், பவுடர் போட்ட இடத்தில் இன்னொருவர் அசிட்டை ஊற்றிவிட்டார். பச்சை மஞ்சளாகப் புகை எழும்பி, எல்லாருக்கும் கண் எரிந்து, மூச்சு அடைத்து, அப்பா இரவெல்லாம் இருமினார். "பவுடரும் அசிட்டும் ஒண்ணாப் போடக்கூடாதுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. ஏன்னு யாரும் சொன்னதில்ல" என்றார். நான் கொப்பியை எடுத்து எழுதிக் காட்டினேன். பவுடரில் ஐப்போகுளோரைற்று அயனும் இருக்கிறது, குளோரைட்டு அயனும் இருக்கிறது. அசிட்டிலிருந்து இரண்டு ஐதரசன் அயன் வந்தால் ஒரு குளோரீன் மூலக்கூறும் ஒரு நீரும். ஏற்றம் இரண்டு பக்கமும் பூச்சியம். கல்சியத்தை வெட்டியாயிற்று. அப்பா கொப்பியைத் தூரப் பிடித்துப் பார்த்தார். எழுத்தெல்லாம் ஆங்கிலம், நடுவே அம்புக்குறி. "இந்த அம்புதான் புகையா?" என்று கேட்டார். ஓம் என்றேன். அதைவிட நல்ல விளக்கம் எனக்கு வரவில்லை.

அண்ணாவிடம் ஒரு மரப்பெட்டி இருந்தது. அவருடைய சொந்த ஆய்வுகூடம். பாமசியில் கொண்டீஸ் என்று விற்கும் பரமங்கனேற்று, விவசாயக் கடையில் வாங்கிய துத்தம், படிகாரம், எப்சம் உப்பு, சலவைச் சோடா, கறியுப்பு, ஒரு சின்னப் போத்தல் வெடியுப்பு. ஹோர்லிக்ஸ் போத்தல்களில் போட்டு, அழகான எழுத்தில் லேபல் ஒட்டியிருந்தார். பேராதனையிலிருந்து வரும்போதும் போகும்போதும் சில நாள் அதைக் கையோடு கொண்டுபோவார். கட்டுகஸ்தோட்டையிலும் அவருக்கு ஒரு வகுப்பு இருந்தது.

1998 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் கேட்ட அந்தச் சத்தத்தில் எங்கள் வீட்டுத் தகரங்கள் அதிர்ந்தன. தலதா மாளிகை வாசலில் லொறியில் குண்டு. சுதந்திரத்தின் ஐம்பதாவது ஆண்டு விழாவை அடுத்த வாரம் கண்டியில் நடத்துவதாக இருந்தார்கள். இளவரசர் சார்ள்ஸ் வருவதாக இருந்தது. விழா கொழும்புக்குப் போனது. கண்டித் தமிழர்கள் வீட்டுக்குள் இருந்தோம். கொஞ்ச நாளைக்கு அம்மா பொட்டு வைக்காமல்தான் சந்தைக்குப் போனாள்.

பருத்தித்துறை என்று அடையாள அட்டையில் இருக்கிற ஒரு பொடியன் வெடியுப்பும் பரமங்கனேற்றும் பெட்டியில் வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியில் நின்று, இது உயர்தரப் பாடத்துக்கு என்று சொன்னால் யார் கேட்பார்கள்? அண்ணா அன்றே வெடியுப்பைக் காணில் கொட்டி, போத்தலைக் கழுவி, மற்றப் போத்தல்களின் லேபல்களையும் கிழித்துவிட்டார். பயத்தில் செய்தது. "ஆங்கிலத்தில என்ன எழுதியிருந்தாலும் அவங்களுக்கு அது வெடிமருந்துதான்" என்றார் பிறகு. எறியவும் மனம் வரவில்லை, வைத்திருக்கவும் பயம். அப்பாதான் வழி சொன்னார்.

"நம்ம வீட்டுல வைங்க தம்பி. பவுடர் டின்னு, கோஸ்டிக் டின்னு எல்லாம் எப்பவும் கெடக்கு. யாராச்சும் கேட்டா கக்கூஸ் கழுவுறதுக்குன்னு சொல்லிக்கலாம். அதுக்கு மேல ஒருத்தனும் மூக்கை நீட்ட மாட்டான்."

அப்படித்தான் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பாயியின் வெற்றிலைச் சாமான்களுக்குப் பின்னால், அப்பாவின் டின்களுக்கு நடுவில். ஒருவரும் மூக்கை நீட்டவில்லை.

வகுப்பு மறுபடி தொடங்கியபோது எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் கூடினோம். லேபல் இல்லாததால் ஒரு சிக்கல். துத்தம் நீலம், கொண்டீஸ் ஊதா. அவை தங்களைத் தாங்களே சொல்லிவிடும். மற்ற நாலும் வெள்ளைப் பளிங்கு. அண்ணாவுக்கே அடையாளம் தெரியவில்லை, அல்லது தெரியாதது போல இருந்தார். "வாயில வைக்கக்கூடாது. சமன்பாடு எழுதாமல் ஒரு முடிவும் சொல்லக்கூடாது. கண்டுபிடியுங்கோ."

இரண்டு வருடம் படித்ததெல்லாம் அன்றுதான் பாடமானது. நாலிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துத் தேசிக்காய்ச் சாறு விட்டோம். ஒன்று மட்டும் நுரைத்தது. காபனேற்று அயனும் இரண்டு ஐதரசன் அயனும் சேர்ந்து நீரும் காபனீரொட்சைட்டும். ஆக அது சலவைச் சோடா. தேசிக்காய் மென்னமிலமல்லவா, ஐதரசன் அயனைத் தனியே எழுதலாமா என்று கம்பளைப் பெடியன் ஒருவன் கேட்டான். சரியான கேள்வி என்று சொல்லி அண்ணா அரைமணி நேரம் அதிலேயே நின்றார். பிறகு சோடாக் கரைசலை மற்ற மூன்றிலும் விட்டோம். ஒன்றில் ஒன்றும் நடக்கவில்லை: கறியுப்பு. நடக்காததற்குச் சமன்பாடு இல்லை. எல்லாவற்றையும் பிரித்து எழுதினால் எல்லாம் வெட்டுப்பட்டுப் போகும், தாளில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. மற்ற இரண்டிலும் வெள்ளை வீழ்படிவு. ஒன்று படிகாரம், ஒன்று எப்சம். எது எது?

அப்பாவின் கோஸ்டிக் டின் அங்கேதான் உதவிக்கு வந்தது. அதைக் கரைக்கும்போது அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் பதறி உள்ளே வந்தார். "தண்ணியிலதான் இதைப் போடணும். இது மேல தண்ணிய ஊத்தாதீங்க, தெறிக்கும்." அண்ணா எழும்பி நின்று, "சரி ஐயா" என்றார். பேராதனையில் யாருக்கும் அவர் அப்படி எழும்பியிருக்கமாட்டார். கரைசலை இரண்டிலும் துளியாக விட்டால் இரண்டிலும் வெள்ளை. இன்னும் விட, ஒன்றில் வெள்ளை அப்படியே நின்றது. அது மகனீசியம் ஐதரொட்சைட்டு. மற்றதில் வழுவழுவென்று திரண்டிருந்த வெள்ளை கரைந்து தெளிநீரானது. அலுமினிய அயனும் மூன்று ஐதரொட்சைட்டும் சேர்ந்து வீழ்படிவு. இன்னொரு ஐதரொட்சைட்டு அயன் வந்தால் 1 மறை ஏற்றத்தோடு கரைந்துவிடும். படிகாரம் பிடிபட்டது. படிகாரத்தில் பொற்றாசியமும் சல்பேற்றும் கூடவே இருந்தன, எங்கள் எந்தச் சமன்பாட்டிலும் வரவில்லை.

அடுத்த வகுப்பில், கொப்பியில் சமப்படுத்திய அந்த அலுமினியமும் துத்தமும். தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் அலுமினியத் தாளில் ஒரு துண்டு ஒருவன் கொண்டுவந்தான். நீலக் கரைசலில் போட்டோம். பார்த்துக்கொண்டிருந்தோம். ரயில் ஒன்று போனது. ஒன்றும் நடக்கவில்லை. இரண்டுக்கு மூன்று, ஆறுக்கு ஆறு என்று அவ்வளவு சுத்தமாக எழுதிய சமன்பாடு, கோப்பைக்குள் சும்மா கிடந்தது. சமன்பாடு பொய்யா என்று கேட்டேன். அண்ணா பதில் சொல்லாமல் அம்மாவிடம் ஒரு கரண்டி உப்புக் கேட்டு வாங்கிப் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் தாள் மேல் செம்மண் நிறம் படர்ந்தது. குமிழி கிளம்பியது. கோப்பையைத் தொட்டால் சுட்டது. தாள் ஓட்டை ஓட்டையாகி, அடியில் சிவந்த செப்புத் தூள் சேர, நீலம் வெளுத்துக்கொண்டே வந்தது. அலுமினியத்தின் மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்று கவசமாக இருக்கிறது. செப்பு அயன் அதைத் தாண்டி உள்ளே போக முடியாது. குளோரைட்டு அயன்தான் அந்தப் படலத்தைக் குலைக்கிறது. வழி திறந்த பிறகு நடப்பது நாங்கள் எழுதியதுதான். தாக்கம் முடிந்து பார்த்தால் குளோரைட்டு போட்டபடியே கரைசலில் இருக்கும். விதிப்படி எழுதினால் அதை வெட்டத்தான் வேண்டும்.

"அப்ப உப்பு எங்க அண்ணா எழுதுறது?"

"எழுத இடமில்லை, பிள்ளை. எது எதுவாக மாறினது எண்டு மட்டும்தான் இந்தச் சமன்பாடு சொல்லும். ஆர் இல்லாட்டி நடந்திருக்காது எண்டு சொல்லாது. அதுக்கு வேற பாடம் இருக்கு, கம்பஸ் வந்தால் படிக்கலாம்."

நான் கம்பஸ் போனேன், அந்த வேறு பாடத்தையும் படித்தேன். அண்ணா பட்டம் முடித்துக் கனடா போய்விட்டார். பெட்டியை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். துத்தம் தீர்ந்ததும் அம்மா அந்தப் போத்தலில் மிளகாய்த்தூள் போடப் பார்த்தாள், அப்பா விடவில்லை.

இப்போது மலையகப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். தேறிய அயன் சமன்பாடு வரும் வாரத்தில் அலுமினியத் தாளையும் துத்தத்தையும் முதலில் உப்பில்லாமல் வைப்பேன். சும்மா கிடக்கும் கோப்பையைப் பிள்ளைகள் நன்றாகப் பார்க்கட்டும் என்று காத்திருப்பேன். போன வருடம் ஒரு பிள்ளை, சமன்பாட்டைச் சரியாகச் சமப்படுத்திவிட்டு, அம்புக்குறிக்கு மேலே சின்னதாகக் குளோரைட்டு என்று எழுதிவைத்திருந்தது.

"இப்பிடி எழுதலாமா டீச்சர்?"

"எழுது. அதுக்குப் புள்ளி தரமாட்டாங்க. வெட்டவும் மாட்டாங்க" என்றேன்.